உலைக்காவலனை வெல்லும் வழி

தலைமை வடிவமைப்பாளர் யாரையாவது திட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார். பதினோரு ஆண்டுப் பழக்கம் அது. காலை ஒன்பது மணிக்கு வந்ததும் தம்முடைய எஃகுக் குடுவையை ஜன்னல் மேடையில் வைப்பார். முற்பகலுக்குள் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு தவறு செய்வார். செய்யாவிட்டாலும் செய்ததாக அவருக்குத் தோன்றும். திட்டு நடக்கும். பிறகு அவர் ஜன்னலருகே போய், அறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அரைக் குடுவையை ஒரே மூச்சில் குடிப்பார். விடுப்பு வேண்டியவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் காகிதத்தோடு எழுந்து வருவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பத்தரை மணி ஆகியும் குடுவை நிரம்பியே இருந்தது. சோதனையாளர் காகிதக் கட்டுக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தார்.

“என்னம்மா இது?”

“சோதனை முடிவு சார். வெளியாட்கள் நாற்பது பேர். ஆளுக்கு முப்பது தடவை. யாருமே ஜெயிக்கலை.”

“நல்லதுதானே? கஷ்டமா இருக்கணும்னுதானே செஞ்சோம்?”

“அடுத்த பக்கத்தையும் பாத்துடுங்க சார்.”

அவர் பார்த்தார். அந்த நிறுவனம் வீடியோ கேம் தயாரிப்பது. மூன்றாம் மாடியில் ஒரு நீண்ட கூடம், நடுவே பருத்த தூண், தூணைச் சுற்றி அவருடைய பிரிவைச் சேர்ந்த பன்னிரண்டு பேரின் மேசைகள். அடுத்த பக்கத்தில் இருந்தது அந்தப் பன்னிரண்டு பேரின் ஆட்ட முடிவு.

“எல்லாருமா ஜெயிச்சீங்க?”

“ஆமா சார்.”

“முதல் தடவையிலேயா?”

“ஓவியர் மட்டும் ரெண்டாவது தடவை சார். முதல் தடவை அவருக்குத் தும்மல் வந்துடுச்சு.”

வடிவமைப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. கூடத்தில் விசைப்பலகைகளின் ஓசை ஒவ்வொன்றாக அடங்கியது. சோதனையாளரின் உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன.

“நாலு வருஷம்!” என்று அவர் வெடித்தார். “நாலு வருஷம் ராப்பகலா உக்காந்து செஞ்சிருக்கேன்! ஊர்ல இருக்கிற எல்லா விளையாட்டையும் பிரிச்சு மேஞ்சு செஞ்சிருக்கேன்! அதைத் தும்மிக்கிட்டே ஜெயிப்பீங்களா?”

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். தண்ணீர் குடித்தார். கணக்காக அந்த வேளையில் ஓவியர் பின்னால் வந்து நின்று, வியாழக்கிழமை அரைநாள் விடுப்புக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வடிவமைப்பாளரின் கோபம் காரணமற்றதன்று. அதற்குச் சுவரளவு ஆதாரம் இருந்தது. கடினமான விளையாட்டுகளில், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வழிமறித்து நிற்கும் பெரிய எதிரி ஒருவன் உண்டு. அவனை வீழ்த்தினால்தான் கதவு திறக்கும். பிற நிறுவனங்கள் படைத்த அத்தகைய எதிரிகளை எல்லாம் ஒப்பிட்டு, அவர் ஓர் அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். மாணவர் விடைத்தாளுக்குப் போல மதிப்பெண்ணும் இட்டிருந்தார்.

‘வெண்பனி வேட்டை’யில் வரும் ஓநாயரசிக்கு எட்டு. பாயும்முன் அவள் மூக்கை உயர்த்திக் காற்றை முகர்வாள்; அதைக் கவனித்தவன் பிழைப்பான். ‘மணிக்கூண்டு’ விளையாட்டின் கூனனுக்கு ஒன்பதரை. அவனுடைய ஒவ்வோர் அடியும் மணியோசையின் தாளத்தில் விழும். கண்ணை மூடிக்கொண்டும் அவனை வெல்லலாம், காது இருந்தால் போதும். மீதி அரை மதிப்பெண்ணைப் பொறாமையால் குறைத்திருந்தார். ‘சதுப்பு’ விளையாட்டின் தேளரக்கிக்குச் சுழியம். எந்த அறிகுறியும் காட்டாமல் அவள் கொட்டுவாள். ‘இது சண்டையன்று, விபத்து’ என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். ‘ஆழ்குழி’யின் மண்புழுவுக்கு இரண்டு. அரைமணி நேரம் வெட்டினாலும் அது சாகாது, வெட்டுகிறவனுக்குத்தான் வயதாகும். ‘இது சண்டையன்று, உத்தியோகம்’ என்பது அங்கே சிவப்புக் குறிப்பு.

இந்த ஒப்பீட்டிலிருந்து அவர் கண்டெடுத்த விதி இது: நல்ல எதிரி அடிக்கும்முன் அறிவிக்க வேண்டும், அடித்த பின் இடைவெளி தரவேண்டும். அந்த விதியை உயிராகக் கொண்டு அவர் படைத்தவன்தான் உலைக்காவலன்.

இரும்பு உருக்கும் மண்டபம் ஒன்றின் நடுவே அவன் நிற்பான். பனைமர உயரம், தோளில் சம்மட்டி. அடிக்கும்முன் சம்மட்டியைக் கீழே ஊன்றிவிட்டுச் சிலைபோல் நிற்பான். அதுவே அறிவிப்பு. பிறகு மூன்று அடி, ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மூன்றும் முடிந்ததும் நமக்கு முதுகைக் காட்டிப் போய், காய்ச்சிய சம்மட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவான். அதுவே இடைவெளி. அப்போது முதுகில் குத்தலாம்.

வெளியாட்கள் நாற்பது பேரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். அவன் சும்மா நிற்கிறானே, களைத்துவிட்டான் போலும் என்று ஓடிப்போய் வெட்டினார்கள். மூன்று அடியையும் மண்டையில் வாங்கினார்கள். அவன் திரும்பிப் போகும்போது, இனி என்ன வருமோ என்று பயந்து ஓடினார்கள்.

“நிக்கிறதுதானய்யா அறிவிப்பு!” என்று வடிவமைப்பாளர் கோப்பைக் குத்தினார். “கத்திக்கிட்டிருந்தவன் சட்டுனு அமைதியானா ஆபத்துன்னு ஒரு பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியாதா?”

“எங்களுக்குத் தெரியும் சார்,” என்றார் ஓவியர், மிகவும் உண்மையாக.

“உன்னைக் கேட்டேனா?”

“இல்லை சார்.”

நிறுவனத்தின் இயக்குநர் பகல் பன்னிரண்டு மணிக்கு அவரைத் தம் அறைக்கு அழைத்தார். இயக்குநர் பருத்த உடலும் மெதுவான பேச்சும் கொண்டவர். எதைச் சொல்வதானாலும் ஒரு விலங்கில் தொடங்குவார்.

“ஒரு காட்டுல ஒரு குளம் இருந்துது,” என்றார்.

“சார், எனக்கு வேலை இருக்கு.”

“கேளுப்பா. குளத்துக்கரையில ஒரு சிங்கம். தண்ணி குடிக்க வர்ற மிருகத்தையெல்லாம் அடிச்சுப் போட்டுடும். ஆனா அந்தக் காட்டு மான்கள்ல ஒண்ணுகூடத் தாகத்துல சாகலை. ஏன் சொல்லு?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன மானா?”

“சிங்கம் எப்பக் கொட்டாவி விடும்னு அதுங்களுக்குத் தெரியும். பக்கத்துலயே குடியிருந்ததுங்க இல்லையா?”

“இப்ப உலைக்காவலன்கிட்ட என்ன தப்புன்னு சொல்றீங்க?”

“தப்பு என்னன்னு எனக்குத் தெரியாது. வெளியாள் ஒருத்தனாலயும் முடியலை, உள்ளாள் எல்லாராலயும் முடியுது. இப்படி ஒரு சாமானை நான் கடைக்கு அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு கணக்கும் கிட்டத்துல வரணும். வரலைன்னா உலைக்காவலனை எடுத்துடுவோம். நம்ம பழைய விளையாட்டுல இருந்த கல்பூதத்தை அந்த இடத்துல நிறுத்திக்கலாம்.”

கல்பூதம்! நடக்கும், அடிக்கும், செத்துப்போகும். தம் அட்டவணையில் அதற்கு ஓர் இடம்கூட அவர் கொடுத்ததில்லை.

வடிவமைப்பாளர் எழுந்தார். விடுவிடுவென்று வாசல்வரை போனார். கதவைத் திறந்தார். காலையும் வெளியே வைத்துவிட்டார். பிறகு சட்டென்று திரும்பி வந்தார்.

“இன்னொண்ணு!” என்று மேசையைத் தட்டினார். “கல்பூதத்தை வச்சீங்கன்னா என் பேரை அந்த விளையாட்டுல போடாதீங்க! எடுத்துடுங்க!”

இயக்குநர் அதுவரை பேனா மூடியைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தார். வடிவமைப்பாளர் இரண்டாம் முறை போன பிறகுதான் மூடியைப் பேனாவில் செருகினார்.

படிக்கட்டில் இறங்கும்போதே வடிவமைப்பாளருக்கு யோசனை பிறந்துவிட்டது. உள்ளாட்களுக்கு எளிதாக இருக்கிறது, அவ்வளவுதானே? கடினமாக்கிவிட்டால் போயிற்று. செவ்வாய்க்கிழமை முழுவதும் உட்கார்ந்து உலைக்காவலனுக்குப் புதிய தந்திரம் ஒன்று கற்பித்தார். சண்டை முடிந்ததுபோல அவன் மண்டப வாசலை நோக்கி நடப்பான். எதிராளி மூச்சு விடும் நேரத்தில் சட்டென்று திரும்பி வந்து ஓர் அடி கொடுப்பான். இத்தகைய வஞ்சகம் தம் அறிவில் எப்படி உதித்தது என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

புதன்கிழமை முடிவு வந்தது. வெளியாட்களில் ஒருவர் விளையாட்டுக் கைப்பிடியைச் சுவரில் எறிந்து உடைத்திருந்தார். இன்னொருவர் கருத்துத் தாளில், ‘இந்த எதிரியைப் படைத்தவரை நேரில் சந்திக்க விரும்புகிறேன், கையில் செருப்புடன்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். வெற்றி வழக்கம்போல் சுழியம்.

“நம்ம ஆளுங்க?” என்று கேட்டார் வடிவமைப்பாளர்.

சோதனையாளர் தொண்டையைச் செருமினார். “பன்னிரண்டு பேரும் சார்.”

“அந்த வாசல் தந்திரம்?”

“யாரும் அடி வாங்கலை சார். அவன் திரும்பி வர்ற வரைக்கும் எல்லாரும் அப்படியே நின்னாங்க.”

“அவன் திரும்பி வருவான்னு எப்படித் தெரியும்?”

“போனா திரும்பி வருவான்னு… ஒரு பழக்கம் சார்.”

“எங்கே பழகினீங்க? எந்த விளையாட்டுல? ஓநாயரசி திரும்பி வர்றாளா? கூனன் வர்றானா? தேளரக்கி வர்றாளா?” ஒவ்வொரு கேள்விக்கும் மேசைமேல் ஓர் அடி விழுந்தது. சோதனையாளர் மூன்றாவது அடிவரை தலைகுனிந்து நின்றுவிட்டு, அவர் ஜன்னலை நோக்கித் திரும்பியதும் ஓசையின்றித் தம் இடத்துக்குப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் உலைக்காவலனுக்கு இன்னொரு கொடுமை சேர்ந்தது. உயிர் பாதியாகக் குறைந்ததும் அவன் கர்ஜிப்பதை நிறுத்திவிடுவான். குரல் தணிந்து, ஏறக்குறைய கனிவாக, முணுமுணுப்பான். அடுத்த கணம் மண்டபம் முழுவதும் தீ பரவும். தப்ப ஒரே வழி, நடுவிலுள்ள தூணுக்குப் பின்னால் ஒளிவது. கனிவான குரலைக் கேட்டு எவன் ஒளிவான்? வடிவமைப்பாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, வெளியாட்களில் பதினேழு பேர் சோதனைக்கு வர மறுத்துவிட்டார்கள். வந்தவர்கள் எரிந்து சாம்பலானார்கள். கூடத்திலோ, உலைக்காவலன் குரலைத் தணித்த மறுநொடி பன்னிரண்டு பேரும் தூணுக்குப் பின்னால் இருந்தார்கள். ஓவியர் ஒற்றைக் கையால் விளையாடினார். மறு கையில் பாதி கடித்த ஆப்பிள் இருந்தது.

“எப்படிய்யா தெரிஞ்சுது உனக்கு?”

“மனசு சொல்லுச்சு சார்.”

“உன் மனசு சொல்லுச்சா? மேகம் நீலமா பச்சையான்னு கேட்டா மூணு நாள் யோசிக்கிற மனசு!”

இந்த நேரத்தில் தபால் உறை ஒன்றோடு, கீழ்த்தள வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மா மேலே வந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டே உள்ளவர். வீடியோ கேம் கைப்பிடியைத் தொலைக்காட்சி ரிமோட் என்று நினைத்திருந்தவர். திரையில் உலைக்காவலன் நிற்பதைக் கண்டு, “இதுதானா அது? நான் ஒரு தடவை பாக்கட்டுமா?” என்று கைப்பிடியை வாங்கினார். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஓவியர் இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா ஏழே நிமிடத்தில் உலைக்காவலனைக் கொன்றார். கைப்பிடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். தபால் உறைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூட்டுவலிக்கு ஏற்றபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

வடிவமைப்பாளரின் முகம் உலைபோலச் சிவந்தது. இனி ஐயமே இல்லை. உலைக்காவலனின் இரகசியக் கோப்பை எவரோ திறந்து படித்திருக்கிறார்கள். படித்ததை எல்லோருக்கும் பரப்பியிருக்கிறார்கள். வரவேற்பு மேசைவரை பரவிவிட்டது!

எவர் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்தது. கருத்துத் தாள்களைச் சேர்த்துக் குத்துவதற்கு ஸ்டேப்ளரைத் தேடி, அவர் சோதனையாளரின் இழுப்பறையைத் திறந்தார். ஸ்டேப்ளருக்கு அடியில், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள் இருந்தது. சோதனையாளரின் திருத்தமான கையெழுத்து:

‘அசைவு நின்றால் மூன்று எண்ணு.
தொடர்ந்து மூன்று வரும். நடுவில் எதிர்க்காதே, எதிர்த்தால் நான்காவதும் வரும்.
முதுகைக் காட்டித் தண்ணீரிடம் போகும்போது காரியத்தை முடித்துக்கொள்.
வாசல்வரை போனாலும் நம்பாதே, திரும்பி வரும்.
குரல் தணிந்தால் தூணுக்குப் பின்னால் போ.’

அவர் இரண்டு முறை படித்தார். தம் நாலாண்டு உழைப்பு ஐந்து வரியில், ஒரு கமா பிசகாமல், அவர் கண்முன் இருந்தது.

“அம்மா,” என்றார். குரல் பஞ்சுபோல் மென்மையாக வந்தது. “ரொம்ப சந்தோஷம்மா. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க.”

கூடத்திலிருந்த நாற்காலிகள் ஒரே நேரத்தில் உருண்டன. தூணுக்குப் பின்னால் இருந்த ஜெராக்ஸ் இயந்திரத்தில் பதினோரு பேருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. சோதனையாளர் மட்டும் திறந்த வெளியில் நின்றார்.

“திருட்டு!” என்று இடி இறங்கியது. “என் கோப்பைத் திருடி, பாடம் எழுதி, வகுப்பு எடுத்திருக்கீங்க! ஒன்பது வருஷமா பக்கத்துல வச்சிருந்த ஆளு!”

“சார், அது வந்து…”

“பேசாதீங்க! இது உலைக்காவலன்தானே? ஆமாவா இல்லையா?”

சோதனையாளர் வாயைத் திறந்தார். தூணைப் பார்த்தார். தூணின் விளிம்பில் ஓவியரின் தலை இடமும் வலமும் வேகமாக ஆடியது. சோதனையாளர் வாயை மூடிக்கொண்டார். அந்தத் தாளில் இருப்பது என்ன என்று சொல்வதைவிடத் திருடி என்ற பெயரோடு போவது மேல் என்று அந்த முகம் எண்ணியதை, ஆத்திரத்தில் இருந்தவர் கவனிக்கவில்லை.

“சரி சார்,” என்றார் அவர்.

“நாளைலேருந்து வரவேண்டாம். இயக்குநர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

சோதனையாளர் தம் பொருட்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கினார். கட்டைவிரல் வலிக்குப் போட்டுக்கொள்ளும் கைப்பட்டை, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, மகளின் புகைப்படம். வடிவமைப்பாளர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “இன்னொண்ணு! இந்தத் துறையில எங்கேயும் உங்களுக்கு வேலை கிடைக்காது!” என்று சொல்லி முடிக்கும்வரை சோதனையாளர் கையில் பெட்டியோடு நின்றார். பிறகு போனார்.

வெள்ளிக்கிழமை காலை, கணினிப் பராமரிப்பாளர் வடிவமைப்பாளரின் மேசைக்கு வந்தார். ஆதாரம் சேர்த்துத் தரும்படி முன்தினம் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது.

“சார், உங்க கோப்பை யாரும் திறக்கலை.”

“நல்லாப் பாரும்.”

“நாலு வருஷத்துக்கும் பாத்துட்டேன். உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா அதைத் தொடலை. அப்புறம், அந்தத் தாளைக் காட்டுனீங்களே, அதுல மூலையில ஒரு தேதி இருக்கு, பாத்தீங்களா?”

அவர் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். உறைக்குள் மஞ்சளேறிய தாளின் அடிமூலையில், சிறிய எழுத்தில், எட்டாண்டுக்கு முந்தைய தேதி இருந்தது. உலைக்காவலன் பிறந்தே நான்காண்டுதான் ஆகிறது.

வடிவமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். பராமரிப்பாளர் மூன்று எண்ணினார். ஆனால் எதுவும் வெடிக்கவில்லை.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடியே…” என்று அவர் மெல்ல முனகினார். “நான் அட்டவணை போட்டு, ஓநாயையும் கூனனையும் ஒப்பிட்டு, நாலு வருஷம் தலையைப் பிச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சதை, இந்த அம்மா எட்டு வருஷத்துக்கு முன்னாடியே அஞ்சு வரியில எழுதி வச்சிருக்காங்க!”

“சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“மேதை ஐயா! நாம ஒரு மேதையைத் திருடின்னு சொல்லித் துரத்தியிருக்கோம்!”

‘நாம’ என்ற சொல்லைப் பராமரிப்பாளர் மறுக்க எண்ணினார். அதற்குள் வடிவமைப்பாளர் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

சோதனையாளரின் வீடு பேருந்தில் இருபது நிமிடம். கதவைத் திறந்தவர் அவரைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் நின்றார்.

“அம்மா, நான்…”

“வாசல்லயே நில்லுங்க சார்! ஒன்பது வருஷம் உங்க விளையாட்டை விளையாடி என் கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது! என் பொண்ணு முன்னாடி நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னேன்! திருடின்னு சொல்ல உங்களுக்கு எப்படி சார் வாய் வந்துது?”

அவர் தலைகுனிந்து நின்றார். சோதனையாளர் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து கதவை முக்கால் பங்கு சாத்தினார். மறுபடி திறந்தார்.

“இன்னொண்ணு! அந்த ஸ்டேப்ளர் என்னோடது!”

“தெரியும்மா. கொண்டாந்திருக்கேன்,” என்று வடிவமைப்பாளர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “என் மேல தப்பு. முழுக்க முழுக்க என் மேலதான். எல்லார் முன்னாடியும் திட்டினேன்; எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கிறேன். வாங்கம்மா.”

அந்த அட்டைப் பெட்டியை அவரே சுமந்தார். பேருந்தில் இடம் கிடைத்தும் மடியில் வைத்துக்கொண்டு, மகளின் புகைப்படத்தில் கீறல் விழாமல் கையால் மறைத்துப் பிடித்திருந்தார்.

நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், வரவேற்பு மேசைக்கு எதிரே, பிரிவினர் எல்லோரும் கூடியிருந்தார்கள். பராமரிப்பாளர் செய்தியைச் சொல்லியிருந்தார். இயக்குநரும் இறங்கி வந்திருந்தார். வடிவமைப்பாளர் பெட்டியை மேசைமேல் வைத்தார். உரத்த குரலில், ஆனால் இம்முறை எவர்மீதும் அல்லாமல், பேசத் தொடங்கினார்.

“நேத்து நான் இவங்களைத் திருடின்னு சொன்னேன். அது பொய். இவங்க எதையும் திருடலை. அம்மா, என்னை மன்னிச்சிடுங்க.” அவர் கை கூப்பினார். சோதனையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போதும் சார், விடுங்க,” என்றார்.

“விட மாட்டேன்!” அவர் உறையிட்ட தாளை உயர்த்திப் பிடித்தார். பிரிவினர் அனைவரும் ஓரடி பின்வாங்கினார்கள். “இதைப் பாருங்க! இது எட்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. ஒரு கொடூரமான எதிரி எப்படி நடந்துப்பான்னு இதைவிடத் தெளிவா உலகத்துல யாரும் எழுதலை. இதை எழுதின ஆளு எவ்வளவு அடி வாங்கியிருக்கணும்! எவ்வளவு பொறுமையாக் கவனிச்சிருக்கணும்! உலைக்காவலனைப் படைச்சவர்னு இனிமே இவங்க பேருதான் முதல்ல வரும். என் பேரு அதுக்குக் கீழே.”

“வேண்டாம் சார்,” என்றார் சோதனையாளர், பதறிப்போய். “சத்தியமா அது என் படைப்பு இல்லை சார்.”

“தன்னடக்கம்!” என்று அவர் ஓவியர் பக்கம் திரும்பினார். “கத்துக்க!”

ஓவியர் தரையைப் பார்த்தபடி தோள் குலுங்க இருமினார்.

“அதெல்லாம் இருக்கட்டும்ப்பா,” என்றார் இயக்குநர். “இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெளியாட்கள் கணக்குக்கு என்ன வழி?”

“அதுவும் இதுலதான் சார் இருக்கு!” வடிவமைப்பாளரின் முகம் ஒளிர்ந்தது. ஒரு வாரமாக அவரிடம் யாரும் கண்டிராத சாந்தம் அதில் இருந்தது. “இந்தத் தாளை விளையாட்டுக்குள்ளயே வச்சுடுவோம். உலை மண்டபத்து வாசல்ல ஒரு ஆள் நின்னு, உள்ளே போற ஒவ்வொருத்தருக்கும் இதை ஒண்ணு கொடுக்கட்டும். உள்ளே யாருகிட்ட மாட்டப்போறோம்னு தெரியாம ஒருத்தனை அனுப்புறது அநியாயம் சார். இப்பதான் எனக்குப் புரியுது.”

வரவேற்பு மேசை அம்மா தம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார்.

“அதைத்தானே சார் எட்டு வருஷமா இந்த வாசல்ல நான் செஞ்சிட்டிருக்கேன்? இப்படிக் குடுங்க, திங்கட்கிழமை உங்ககிட்ட ரெண்டு பேர் புதுசா வேலைக்குச் சேர்றாங்க, அடையாள அட்டையோட சேர்த்துக் குடுக்கணும்.”